ஜெசிந்தாவின் மூன்றாவது கட்டம்

சனிக்கிழமை காலை பத்து மணி இருக்கும். ஒரகடம் யார்டில் ஒரு வெள்ளை வண்டியின் பானட்டைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தேன். வலது கையில் மெல்லிய பிளாஸ்டிக் கவர் மாட்டியிருந்தேன். போனில் ஜெசிந்தாவின் கணவர் தேவராஜ் அண்ணன் பெயர் வந்தது. கவரைக் கழற்றி எடுப்பதற்குள் மணி நின்றுவிட்டது. நானே திருப்பிக் கூப்பிட்டேன். "பூட்டாமா," என்றார். ஜெசிந்தா போய்விட்டாள். போனை வைத்துவிட்டுக் கவரை மறுபடி மாட்டிக்கொண்டு அந்த பானட்டை முழுவதும் தடவி முடித்தேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று அன்று சாயங்காலம் வரை எனக்கே புரியவில்லை. அந்தக் கவர் பழக்கம் ஜெசிந்தாவுடையது.

அவளை உங்களில் பலருக்குத் தெரியும். அவளுடைய வாய்க்குப் பயந்தவர்களுக்கு இன்னும் நன்றாகத் தெரியும். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். தொழிற்சாலையில் முடிந்து வரும் புது வண்டிகள் டிரெய்லரில் ஏறும் வரை எங்கள் யார்டில்தான் நிற்கும். திறந்த வெளி. காக்கா எச்சம், தார், சிமெண்ட், பெயிண்ட் துளி என்று எல்லாம் அவற்றின் மேல்தான் வந்து விழும். கறை இருக்கும் இடத்தில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டுவது என் வேலை. அந்தக் கறையையும் ஸ்டிக்கரையும் எடுப்பது அவள் வேலை. இருவருக்கும் ஒரே வயது. அவள் ஸ்ரீபெரும்புதூரை ஒட்டிய கிராமத்துக்காரி. நான் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்து, பிள்ளைப்பாக்கத்தில் மூன்று பெண்களோடு ஓர் அறையில் தங்கியிருந்தவள்.

முதல் நாள் என் அடையாள அட்டையைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இசக்கியம்மாளா? இன்னா பேரு இது? சாமி பேரா, சண்டைக்காரி பேரா?" என்று கேட்டாள்.

"சாமி பேருதான். சண்டையும் போடும்," என்றேன்.

"அப்ப சரி. இங்க ரெண்டும் வேணும்," என்று சொல்லிவிட்டுப் போனாள். பன்னிரண்டு வருடம் எங்களுக்குள் இரண்டுக்கும் குறைவில்லை.

கறை எடுப்பது என்றால் தேய்ப்பது என்று நினைத்துக்கொண்டு வந்தவர்கள் அவளிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். முதலில் வண்டியை நிழலுக்குக் கொண்டுபோவாள். புறங்கையை வைத்துப் பார்த்து, தகடு ஆறும் வரை சும்மா உட்கார்ந்திருப்பாள். அந்த நேரத்தில் சூப்பர்வைசர் வந்தால் எழுந்திருக்கவும் மாட்டாள். பிறகு தண்ணீரும் ஷாம்பூவும். அதற்கப்புறம்தான் கவர். காலையில் தலைக்கு வாங்கிய பூ சுற்றி வந்த மெல்லிய கவரைக் கையில் மாட்டிக்கொண்டு தகட்டின் மேல் மெதுவாக ஓட்டுவாள். வெறும் கைக்குத் தெரியாத சொரசொரப்பு கவருக்குள் இருக்கிற விரலுக்குத் தெரிந்துவிடும். நம்பாதவர்கள் வீட்டில் செய்து பார்க்கலாம்.

பெயிண்ட் துளிக்கு க்ளே என்று ஒன்று உண்டு. சப்பாத்தி மாவு உருண்டை மாதிரி இருக்கும். சோப்புத் தண்ணீர் தெளித்து, அதை அழுத்தாமல் போகவர இழுத்தால் துளி அதில் ஒட்டிக்கொண்டு வந்துவிடும். அது தரையில் விழுந்துவிட்டால் போச்சு. "பாத்துகினு இன்னாத்துக்கு எடுக்கற? தூக்கிப் போடு. ஒரு மண்ணு ஒட்டிகினு இருந்தா வண்டி பூரா கோடு கோடா வந்துடும்," என்பாள். அவசரப்பட்டு நகத்தை வைப்பவர்களிடம், "மூஞ்சில பரு வந்தாலும் இப்டிதான் சொரண்டுவியா?" என்று கேட்பாள். இந்தக் கேள்வியை அவள் ஒரு மேனேஜரிடமும் கேட்டிருக்கிறாள். நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன்.

கறை எடுத்த ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு கார்டு எழுத வேண்டும். மூன்று கட்டம். என்ன கறை, எங்கே, எதனால். முதல் இரண்டையும் எல்லோரும் எழுதுவார்கள். மூன்றாவதில் எல்லோரும் "தெரியவில்லை" என்று எழுதிவிட்டு அடுத்த வண்டிக்குப் போய்விடுவார்கள். யாரும் படிக்கப் போவதில்லை என்று எல்லோருக்கும் தெரியும். ஜெசிந்தா மட்டும் எழுதுவாள். "காக்கா. மூணாவது லைட் கம்பத்து மேல கூடு கட்டி இருக்குது." கூட்டில் இருந்த முட்டை பொரிந்து, குஞ்சு பறந்து போகும் வரை அந்தக் கம்பத்தின் கீழ் வண்டி நிறுத்தக்கூடாது என்று அவளே அங்கே ஒரு வாளியைக் கவிழ்த்து வைத்தாள். இதெல்லாம் உனக்கு எதற்கு என்று ஒருமுறை கேட்டேன்.

"கறைய நான் எடுத்துடுவேன் இசக்கி. நாளைக்கு மறுபடி வந்து நிக்குமே, அதுக்கு இன்னா பண்றது? எங்கேர்ந்து வருதுன்னு எய்துனாதான் வேலை முடிஞ்சிது," என்றாள்.

அடுத்தவர் தப்பை எழுதுவதில் என்ன கஷ்டம் என்று நான் அப்போது நினைத்ததுண்டு. ஒரு நாள் அவளே மாட்டிக்கொண்டாள். பம்பரில் இருந்த பெயிண்ட் கறைக்குத் தின்னரைத் தொட்டுத் துடைத்துவிட்டாள். தகட்டிலேயே தின்னர் வைக்க யோசிக்க வேண்டும், பிளாஸ்டிக்கில் வைக்கவே கூடாது. கறுப்புப் பட்டை வெளுத்துப்போனது. தொழிற்சாலை லைனிலிருந்தே அப்படித்தான் வந்தது என்று அவள் சொல்லியிருந்தால் நான் நம்பியிருப்பேன், ஏனென்றால் நான் அதைப் பார்க்கவே இல்லை. என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள். கார்டின் மூன்றாவது கட்டத்தில், "ஜெசிந்தா. அவசரம்" என்று எழுதியிருந்தாள்.

"என்ன அவசரம்?" என்று கேட்டேன்.

"பஸ்ஸுக்கு நேரம் ஆச்சு. வேற ஒன்னியும் இல்ல."

மெமோ கொடுத்தார்கள். அதை நாலாக மடித்து, டிபன் பாக்ஸ் ஆடாமல் இருக்கப் பையின் அடியில் வைத்துக்கொண்டாள். ரொம்ப நாள் அது அங்கேயே இருந்தது.

இனி என் விஷயம். இதை நானே சொல்லாவிட்டால் இந்த அஞ்சலிக்கு அர்த்தமில்லை.

வெளியிலிருந்து ஆடிட்டுக்கு ஆட்கள் வருகிறார்கள் என்றால் நம் பக்கத்துத் தொழிற்சாலைகளில் முதலில் திறப்பது பெயிண்ட் டப்பாதான். அசையாமல் நிற்கிற எல்லாவற்றின் மேலும் மஞ்சளும் கறுப்பும் விழும். நான் சேர்ந்த மூன்றாம் வருடம் அப்படி ஒரு ஆடிட். யார்டு இன்சார்ஜ் விடுப்பில் இருந்ததால் அன்று பொறுப்பு என்னிடம் இருந்தது. ஷெட்டின் இரும்புத் தூண்களுக்கு ஸ்ப்ரே அடிக்க கான்ட்ராக்டர் அனுமதித் தாளை நீட்டினார். அதில் "காற்றின் போக்கு பார்க்கப்பட்டதா?" என்று ஒரு வரி இருக்கும். ஏ.சி. அறைக்குள் உட்கார்ந்தபடியே அதற்கு டிக் போடுவது எங்கள் வழக்கம். நானும் போட்டேன். அது ஆடி மாதம். ஆடிக் காற்றை எனக்கு யாரும் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. ஆனாலும் எழுந்து வெளியே போய்ப் பார்க்கவில்லை.

ஒரு மணி நேரத்தில் இருபத்தெட்டு வெள்ளை வண்டிகள் மேல் மஞ்சள் தூசு இறங்கிவிட்டது. தூரத்திலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. கவர் மாட்டிய கைக்கு ரவை கொட்டினது போல இருந்தது. ஜெசிந்தா கையை எடுத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள்.

என் ஒப்பந்தம் அந்த மாதத்தோடு முடிகிறது. நிரந்தரம் ஆகிறவர்கள் பட்டியல் மேலே போகிற நேரம். பட்டியலில் பேர் வந்தால் இங்கேயே இரு, வராவிட்டால் ஊருக்கு வா, அத்தை மகனுக்குப் பேசி முடித்துவிடலாம் என்று அப்பா சொல்லியிருந்தார். அத்தை மகன் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. அவர் என்னிடம் ஒரு நாளும் ஒரு கேள்வியும் கேட்டதில்லை, அவ்வளவுதான். நான் இங்கே இருக்க விரும்பினேன். என் சொந்தக் கையெழுத்துக்கு மதிப்பிருந்த முதல் இடம் இது. அந்தக் கையெழுத்தைத்தான் நான் அப்படிப் போட்டிருந்தேன்.

இரண்டு நாள். ஜெசிந்தாவின் ஆட்கள் ஆறு பேர், அவள், நான். ஸ்டிக்கர் கட்டை ஓரமாக வைத்துவிட்டு நானும் க்ளே எடுத்தேன். இரண்டாம் நாள் மதியம் கடைசி வண்டியும் முடிந்தது. எங்கே தடவினாலும் கண்ணாடி மாதிரி வழுக்கியது. ஜெசிந்தா வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்து கார்டுகளை எடுத்தாள். இருபத்தெட்டிலும் முதல் இரண்டு கட்டம் எழுதியிருந்தது. கார்டுக் கட்டையும் பேனாவையும் என்னிடம் நீட்டினாள்.

"மூணாவது நீ எய்து."

"எப்பவும் நீதான எழுதுவ?"

"நான் அங்க இல்ல. நீதான் இருந்த."

"ஏட்டி, இந்த மாசம் லிஸ்ட் போவுது. உனக்குத் தெரியும்லா?"

"தெரியும்."

முதல் கார்டில் "தெரியவில்லை" என்று எழுதிக் கொடுத்தேன். வாங்கிப் படித்துவிட்டு முழங்கால் மேல் வைத்துக்கொண்டாள். இரண்டாவதிலும் அதையே எழுதினேன். அதையும் வாங்கிக்கொண்டாள். ஆறு கார்டு ஆயிற்று. ஒரு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும், பதிலுக்கு நானும் கத்தியிருப்பேன். அவள் தன் விரல் நுனிகளை ஊதிக்கொண்டிருந்தாள். இரண்டு நாள் சோப்புத் தண்ணீரில் ஊறித் தோல் வெளுத்து உரிந்திருந்தது. என் விரலும் அப்படித்தான் இருந்தது, பேனாவைப் பிடிக்கவே எரிந்தது. ஏழாவது கார்டில், "இசக்கியம்மாள். காற்றைப் பார்க்காமல் டிக் போட்டேன்" என்று எழுதினேன். மிச்சம் இருந்த எல்லாவற்றிலும் அதையே எழுதினேன்.

முடித்ததும் மேலங்கிப் பையிலிருந்து ஆறு புதுக் கார்டு எடுத்துக் கொடுத்தாள். அவற்றிலும் முதல் இரண்டு கட்டம் எழுதியிருந்தது. அந்தப் பை இன்னும் தடிமனாகவே இருந்தது.

"எத்தனை எழுதி வச்சிருக்க?" என்று கேட்டேன்.

"இருவத்தெட்டு. நீ எத்தினிவாட்டி தப்பா எய்துவன்னு எனக்கு இன்னா தெரியும்?"

பழைய ஆறையும் மடித்து என் கையில் திணித்தாள். "இத்த இங்க போடாத. வூட்டுக்கு எத்துகினு போ."

அந்த இருபத்தெட்டு கார்டுகளையும் முதல்முறையாக மேலே இருப்பவர்கள் படித்தார்கள். தாளில் டிக் போடுவதை நிறுத்தினார்கள். லைட் கம்பத்தில் ஒரு துணிப் பட்டையைக் கட்டி, அனுமதி கொடுக்கிறவர் அதன் கீழ் நின்று காற்றைப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட வேண்டும் என்றார்கள். இன்றும் அங்கே பறக்கிற மஞ்சள் துணி அதுதான். பட்டியலில் என் பேர் வரவில்லை. வேலையை விட்டு அனுப்பவும் இல்லை, ஒப்பந்தத்தை ஒரு வருடம் நீட்டினார்கள்.

நான் ஜெசிந்தாவோடு பேசுவதை நிறுத்தினேன். இதையும் சொல்லத்தான் வேண்டும். எங்கள் கம்பெனி பஸ்ஸை ஓட்டுபவர் அவள் கணவர் தேவராஜ் அண்ணன். அவள் ஸ்ரீபெரும்புதூரில் ஏறி, பக்கத்து இருக்கையில் தன் பையை வைத்து எனக்கு இடம் பிடித்திருப்பாள். நான் பிள்ளைப்பாக்கத்தில் ஏறி, அதைப் பார்க்காதவள் போல ஒரகடம் வரை நின்றுகொண்டே போவேன். நான்கு மாதம் அவள் பையை எடுக்கவும் இல்லை, நான் உட்காரவும் இல்லை. அந்த இடத்தில் வேறு யாராவது உட்காரப் போனால், "ஆளு கீது," என்பாள். ஆள் இரண்டடி தள்ளிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கும்.

கார்த்திகையில் அப்பா வந்தார். காலையில் என் பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு பிள்ளைப்பாக்கம் நிறுத்தத்தில் நின்றார். நான் யூனிஃபார்ம் போடாமல் பக்கத்தில் நின்றேன். தாம்பரம் போய் ஊருக்கு ரயில் ஏறுவதாக ஏற்பாடு. கம்பெனி பஸ் வந்து நின்றது. நான் ஏறாததைப் பார்த்து ஜெசிந்தா இறங்கி வந்தாள்.

"இட்டுகினு போறீங்களாப்பா?"

"ஆமாம்மா. நெரந்தரம் ஆவல. பொட்டப்புள்ளய இங்க விட்டு வச்சு என்ன செய்ய?"

"ஏன் ஆவலன்னு சொன்னாளா?"

அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். "கேட்டேன். தெரியலன்னு சொன்னா," என்றார்.

ஜெசிந்தா என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்கவில்லை. கோபம் இல்லை. ஏழாவது கார்டுக்குக் காத்திருந்த அதே முகம். "மறுபடி கேளுங்க. பஸ்ஸு நிக்கும்," என்றாள். தேவராஜ் அண்ணன் இன்ஜினையே அணைத்துவிட்டார். ஐம்பது பேர் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருக்க, நான் நடந்ததையெல்லாம் அப்பாவிடம் சொன்னேன்.

"நீயா எழுதுன?" என்றார்.

"ஆமாப்பா."

"இருவத்தெட்டுலயுமா?"

"ஆமாப்பா."

பெட்டியைத் தோளிலிருந்து இறக்கிக் கீழே வைத்தார். "செஞ்சத எழுதிக் குடுத்துட்டு இப்ப வந்தா, பயந்து ஓடியாந்துட்டான்னுல்லா சொல்லுவாவ. இருந்து நெரந்தரம் வாங்கு. ஏறு, நேரமாவுது," என்றார்.

பஸ்ஸில் ஜெசிந்தா பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். உட்கார்ந்தேன். "கால் வலிச்சிதா?" என்று கேட்டாள். நாலு மாதத்துக்கும் சேர்த்து அவ்வளவுதான் கேட்டாள். யூனிஃபார்ம் இல்லாமல் கேட்டில் நிறுத்துவார்கள் என்று தன் மேலங்கியைக் கழற்றி எனக்கு மாட்டிவிட்டாள். அடுத்த ஆடியில் பட்டியலில் என் பேர் வந்தது. இன்று அந்த யார்டுக்கே நான்தான் இன்சார்ஜ். அந்தப் பதவி எனக்குப் பொருத்தமானதுதான் என்று எந்தக் கூச்சமும் இல்லாமல் சொல்வேன். என்னைப் பொருத்தமானவளாக ஆக்கியது எது என்பதையும் சொல்லிவிட்டேன்.

போன வியாழக்கிழமை பஸ்ஸில் என் தோளில் சாய்ந்தாள். தூங்குகிறாள் என்று நினைத்தேன். முகம் வியர்த்திருந்தது. தேவராஜ் அண்ணன் எங்கள் எல்லோரையும் வைத்துக்கொண்டே பஸ்ஸை மருத்துவமனைக்கு விட்டார். எப்போதிலிருந்து நெஞ்சு வலி என்று டாக்டர் கேட்டார். அண்ணன் தெரியவில்லை என்று தலையாட்டினார். ஜெசிந்தாதான் பதில் சொன்னாள். "மூணு வாரமா கீது. யாருகிட்டயும் சொல்லல. கேஸ் ட்ரபுள்னு நெனச்சிகினேன். நான்தான்."

எனக்கு வந்த கோபம் இன்னும் போகவில்லை. காக்கா கூட்டைக்கூட எழுதி வைத்தவள், மூன்று வாரம் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருந்த என்னிடம் இதைச் சொல்லவில்லை. அவள் உயிரோடு இருந்தால் நான் மறுபடி நாலு மாதம் நின்றுகொண்டே போவேன்.

ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டு வாசலில் அவளை மாதா கோயிலுக்குக் கொண்டுபோக வெள்ளை வேன் வந்து நின்றது. யார்டிலிருந்து நாங்கள் பத்துப் பன்னிரண்டு பெண்கள் நின்றிருந்தோம். வேனின் பக்கவாட்டில் ஒரு முழ நீளத்துக்குப் பச்சை எனாமல் பெயிண்ட் இழுத்திருந்தது. எல்லோரும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்பது கொஞ்ச நேரம் கழித்துத்தான் எங்களுக்குத் தெரிந்தது. ஒருத்தி வீட்டுக்குள் போய்த் தேங்காய் எண்ணெய் கொண்டு வந்தாள். இன்னொருத்தியின் பையில் க்ளே இருந்தது. வேனை வேப்பமரத்து நிழலுக்கு நகர்த்தச் சொன்னோம். புறங்கை வைத்துப் பார்த்தோம், ஆறும் வரை நின்றோம். எண்ணெயில் ஊறவைத்து, அழுத்தாமல் துடைத்து, சோப்புத் தண்ணீர் தெளித்து, க்ளே இழுத்தோம். யாரும் நகத்தை வைக்கவில்லை. பூமாலையைச் சுற்றியிருந்த கவரைக் கையில் மாட்டிக்கொண்டு நான் தடவிப் பார்த்தேன். வழுக்கியது.

"இது எதனால வந்தது?" என்று டிரைவரைக் கேட்டேன்.

"தெர்லமா. எங்கியோ பட்டுகிச்சி."

"யோசிச்சுச் சொல்லுங்க. மறுபடி வந்துரும்."

அவர் வேனையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்தார். "எங்க வூட்டு கேட்டுக்குப் பெயிண்ட் அடிச்சிருந்தாங்க. நான்தான் பாக்காம ரிவர்ஸ் எடுத்துட்டேன்," என்றார். வாசல்படியில் உட்கார்ந்திருந்த தேவராஜ் அண்ணன் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார். உடனே முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அதன் பிறகுதான் அவளை வெளியே கொண்டுவந்தார்கள்.

அவளுக்கு என்ன ஆயிற்று என்று யார்டில் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். திடீரென்று போய்விட்டாள், காரணம் தெரியவில்லை என்று சொல்லத்தான் வாய் வருகிறது. அப்படிச் சொல்வதில்லை. மூன்று வாரம் வலியை மறைத்து வைத்திருந்தாள் என்று சொல்கிறேன். இப்படிக் கேட்டவர்களில் இரண்டு பேர், தங்களுக்கும் வலி இருக்கிறது என்று சொல்லி இந்த வாரம் மருத்துவமனைக்குப் போய்வந்தார்கள்.

என்னிடம் அந்த ஆறு கார்டும் இருக்கின்றன. வீட்டுக்கு எடுத்துப் போ என்றாள், எடுத்துப் போனேன். மடிப்பில் கொஞ்சம் கிழிந்திருக்கின்றன. முதல் இரண்டு கட்டத்தில் அவளுடைய குண்டு குண்டான எழுத்து. மூன்றாவதில் "தெரியவில்லை" என்று என் எழுத்து. யார்டில் இருந்த அவளுடைய மற்ற கார்டுகளையெல்லாம் பழைய காகிதத்தோடு எப்போதோ போட்டுவிட்டார்கள். அவள் கையெழுத்தில் என்னிடம் மிஞ்சியிருப்பது இந்த ஆறுதான். என் பொய்யைக் கிழித்துப்போட்டால் அவள் எழுத்தும் போய்விடும். இரண்டையும் வைத்துக்கொள்கிறேன்.